நாற்பத்து மூன்றாம் நிமிடம்

உபைதுல்லாவுக்கு ஜப்பான் மொழி தெரியாது.
அட்டையில் இருந்த எழுத்தெல்லாம் அவருக்கு
தீப்பெட்டி சரிந்து கொட்டிய குச்சிகள்.
ஆகவே பேய்களை அவை பார்க்கும் வேலைப்படி பிரித்து
பர்மா பஜாரின் மூன்றடிக் கடையில்
பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார்.
டப்பாவின் மேல் பால்பாயின்ட் எழுத்து:
பூனை. முடி. கிணறு. இரும்பு. ஈரம்.

பூனையில் எல்லாமே கறுப்பு வெள்ளை.
எங்கப்பா பிறப்பதற்கு முன்னால் எடுத்தது என்பார்.
வாள் வைத்திருக்கும் புருஷன்
பெண்டாட்டியை வெட்டிப் போட்ட ராத்திரி
ரத்தத்தை நக்கிய பூனை
அவள் பட்டை உடுத்தி அவள் குரலில் பேசும்,
யாருமில்லாதபோது விளக்கில் மீனெண்ணெய் குடிக்கும்.
காசிமேட்டில் வளர்ந்தவனுக்கு
இதில் சந்தேகம் வர ஒன்றுமில்லை.

இரும்பில் இரண்டே டிஸ்க்.
மனுஷன் சதையைக் கிழித்துக்கொண்டு ஆணியும் கம்பியும் முளைக்கும்.
திருவொற்றியூரில் லேத் ஓட்டுகிற டில்லிபாபு
பாதியில் நிறுத்தச் சொன்னான்.
"இதுக்கு எதுக்குடா படம்" என்று
உள்ளங்கையை டியூப் லைட்டில் காட்டினான்.
தோலுக்கடியில் நீலநீலமாக
பதினோரு வருஷத்துச் சுருள்.

ஈரம்தான் அதிகம் போகும்.
அடுக்குமாடி, லிஃப்ட், கூரையில் ஒரு மஞ்சள் கறை.
செத்தவளுக்கும் குடிவந்தவளுக்கும் ஒரு வழக்கும் கிடையாது.
ஆனாலும் சொட்டும்.
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில்
அந்தக் கறையின் கீழேதான் எங்கள் கட்டில்.
எங்களுக்குப் பேய் என்றால் மேல்வீட்டு சம்சாத் அக்காவின் பாத்ரூம் குழாய்.

நம்மூர்ப் பேயிடம் ஒரு கணக்கு இருக்கும்.
எவன் கெடுத்தான், எவன் கொளுத்தினான்,
இடைவேளைக்கு அப்புறம் அரைமணி ஃப்ளாஷ்பேக்,
எலுமிச்சம்பழம், உடுக்கை,
பழி தீர்ந்ததும் வெள்ளை வெளிச்சத்தில் கிளம்பிவிடும்.
அங்கேயும் பழைய கறுப்பு வெள்ளைக்காரிகள் அப்படித்தான்,
விஷம் வைத்தவனை மட்டும் தேடி வருவார்கள்.
பிறகு எந்த வருஷமோ அந்தக் கணக்கு அறுந்துபோயிருக்கிறது.
அப்புறம் வந்தவள் ஆளைப் பிடிப்பதில்லை.
இடத்தைப் பிடிக்கிறாள்.
காலை வைத்தவன் எவனோ, அவனுக்கு.

எண்ணூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம்.
சாம்பல் படிந்த ஆற்றில் இறால் தடவ இறங்கியவன்
இடுப்பு வரை கொப்புளத்தோடு ஏறி வருகிறான்.
அவன் யாருக்கு என்ன செய்தான்?

கிணறு டப்பாவில் எடுத்தது ஒன்று, முப்பது ரூபாய்.
நாற்பத்து மூன்றாம் நிமிடத்தில் நின்றுவிடும்.
முதுகைக் காட்டியபடி ஒருத்தி,
இடுப்புக்குக் கீழே வரை முடி,
நடையில் நிற்கிறாள். இனி திரும்பவேண்டும்.
கோல்கேட் வைத்துத் துடைத்தேன்,
வாழைப்பழத் தோலால் தேய்த்தேன்.
மாற்றித் தரக் கேட்டதற்கு உபைதுல்லா சொன்னார்:
"எல்லாப் பீஸும் அங்கதான் தம்பி நிக்கும்.
அவ திரும்பலன்னா உனக்கு நல்லதுதான?"

ரெய்டு வந்து டப்பாக்கள் போயின.
அந்தக் கடையில் இப்போது செல்போன் உறை.
படம் முழுசாக என் போனிலேயே கிடைக்கிறது.
நாற்பத்திரண்டு நிமிடம் ஐம்பது நொடி வரை ஓட்டி
அப்படியே வைத்திருக்கிறேன், போன ஆடியிலிருந்து.

மணி மூன்று. தண்ணி வருகிற நேரம்.
கீழே அடிபம்பு கிறீச்சிடுகிறது, நின்றுபோகிறது.
படியிறங்கிப் பார்த்தால்
தெருவிளக்குக்கு முதுகைக் காட்டி லூர்து.
அவிழ்ந்த கொண்டை, நனைந்த நைட்டி,
கைப்பிடியில் இரண்டு கை. அசையவில்லை.
பம்பின் வாயிலிருந்து காற்று மட்டும் வருகிறது.
இத்தனை வருஷத்தில் இவள் முடி இவ்வளவு நீளம் என்று
எனக்குத் தெரியாது.

கூப்பிட வாயெடுத்து, நின்றேன்.

திரும்பாமலே சொல்கிறாள்:
"அங்கயே நின்னு பாக்காத.
அந்தப் பச்ச கொடத்த எடுத்தா."